ஐந்தாவது கட்டளை

1

ஒரு சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என்னை எழுத வைத்தது சினிமா இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மா கேட்ட ஒரு கேள்வி.

படம் 'ஃபின்ச்'. 2021 நவம்பரில் ஆப்பிள் டிவி பிளஸ் வழியாக வந்த அமெரிக்கப் படம். மிகெல் சபோச்னிக் இயக்கியது. டாம் ஹாங்ஸ் நடித்தது. தங்கச்சி மகன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி, இடையிடையே கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சூரியனிலிருந்து கிளம்பிய பெருஞ்சுடர் ஒன்று பூமியின் ஓசோன் படலத்தைச் சல்லடையாக்கிவிட்டது. பகல் வெயில் மேலே பட்டால் தோல் வெந்துபோகும். பயிர் பச்சை கிடையாது. இருந்த கொஞ்சநஞ்சச் சோற்றுக்கு மனுசனை மனுசன் கொன்று தீர்த்த பிறகு, மிச்சமானவர்கள் எங்கெங்கோ பதுங்கிக் கிடக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில், தான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்திலேயே ஃபின்ச் என்கிற பொறியாளன் ஒளிந்து வாழ்கிறான். கூட இருப்பது குட்இயர் என்கிற நாய், டூயி என்கிற குட்டிச் சக்கர எந்திரம். ஃபின்ச்சுக்குக் கதிர்வீச்சு நோய். இருமினால் ரத்தம் வருகிறது. சீக்கிரம் செத்துப்போவான் என்பது அவனுக்குத் தெரியும். செத்த பிறகு நாயை யார் பார்த்துக்கொள்வது? அதற்காக ஆள் உயரத்துக்கு ஓர் எந்திர மனிதனைச் செய்கிறான்.

இந்த இடத்தில்தான் அம்மா கேட்டாள்: "நாயப் பாத்துக்கிறதுக்கு இவனச் செஞ்சான். சரி. இவன யாரு பாத்துக்குவா?"

"அது மெஷின் ஆயா" என்றான் பையன்.

"மெஷினுன்னா எண்ண போட வேணாமா?" என்று சொல்லிவிட்டு அம்மா வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டாள்.

அம்மா பதினேழு வருசம் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவியைப் பார்த்துக்கொண்டவள். குளிப்பாட்டி, மலம் எடுத்து, தலை வாரி, ராத்திரி கால் பிடித்துவிட்டு. பெத்த மககூட இப்படிப் பாக்க மாட்டா என்று அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே அவளுக்குக் காப்பியைக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளரில் வைப்பார்கள். கிழவியின் கருமாதி முடிந்த அன்றைக்கு ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அதற்குள் முட்டி தேய்ந்து போயிருந்தது. இரக்கம் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி இந்தக் கட்டுரை படத்தைப் பற்றியது. அம்மாவின் கேள்விக்கு முன்னால் படத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

2

எந்திரத்தைச் செய்து முடிக்கும்போதே ஃபின்ச் அதற்குள் சில கட்டளைகளை ஏற்றுகிறான். மனிதருக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரும்போது சும்மா இருக்காதே என்கிற மாதிரி. இவை ஐசக் அசிமோவ் 1942ல் எழுதிய ஒரு சிறுகதையில் வகுத்த மூன்று விதிகளின் வழியில் வந்தவை. எந்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு அந்த மூன்றும் ஒரு மனுதர்மம்.

அந்த மூன்றையும் வரிசை மாறாமல் படித்துப் பாருங்கள். முதலாவது, எந்திரம் மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது. தீங்கு நேரவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. இரண்டாவது, முதல் விதிக்கு முரண்படாதவரை மனிதர் சொல்வதற்குக் கீழ்ப்படிய வேண்டும். மூன்றாவது, இந்த இரண்டுக்கும் முரண்படாதவரை அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். சொந்த உயிர் கடைசியில்தான் வருகிறது. அதுவும் உரிமையாக வரவில்லை, கடமையாக வருகிறது. உடைந்துபோனால் நஷ்டம் யாருக்கு? உடையவனுக்கு. அதனால் உடையாமல் இரு என்கிறது மூன்றாம் விதி. இந்த வரிசையை முதன்முதலாக எந்திரத்துக்காகத்தான் யோசித்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. எந்திரம் வருவதற்கு ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே இது பண்ணைகளில் எழுதாமல் நடப்பில் இருந்தது.

ஃபின்ச் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறான். தான் இல்லாதபோது நாயின் நலத்தைக் காப்பாற்ற வேண்டும். இந்தக் கட்டளை மற்ற எல்லாக் கட்டளைகளையும் விட மேலானது. சாகப்போகிற ஒருவன் தன் நாய் மேல் வைத்திருக்கிற பாசம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனிதருக்குப் பாதுகாப்பு உண்டு. நாய்க்கு அதற்கும் மேலான பாதுகாப்பு உண்டு. இருவரையும் காக்கிறவனுக்கு? ஐந்தாவதாக ஒரு கட்டளை இல்லை. அம்மா கேட்டது இல்லாத அந்த ஐந்தாவதைத்தான்.

3

தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் படம் எடுத்தவர்களுக்கு அது கிடையாது. அம்மா "இவன" என்றாள். பையன் "அது" என்றான். நான் எப்படி எழுதுவது?

எம்.ஏ. தமிழ் படித்தபோது முதலில் மண்டையில் ஏற்றியது திணைதான். மக்கள் என்று சுட்டப்படுகிறவர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறது. தமிழில் ஒரு வினைமுற்றை முடிக்க வேண்டுமானால், முதலில் பேசப்படுவது ஆளா பொருளா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வந்தான் அல்லது வந்தது. நடுவில் நிற்க இடமே கிடையாது. அதேசமயம் இலக்கணமே ஒரு சந்தும் வைத்திருக்கிறது. உவப்பு மிகுந்து ஒருவன் பசுவை உயர்திணையாகச் சொன்னால் அதைத் தப்பு என்று தள்ளாமல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது நன்னூல். பசுவுக்கு அந்தச் சலுகை. மனுசனை "அது வந்துச்சா, அதுங்களுக்கு என்ன தெரியும்" என்று பேசுகிற வழுவுக்கு நம் ஊரில் அமைதியே தேவைப்படவில்லை. அது வழக்காகவே இருந்தது.

படத்திலும் இந்தத் திணைச் சிக்கல்தான் நடக்கிறது. நாற்பது நாள் நீடிக்கும் பெரும்புயல் ஒன்று வருவது தெரிந்து ஃபின்ச் அவசர அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. எந்திரத்துக்குள் ஏற்ற வேண்டிய அறிவில் 72 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. அரைகுறைப் படிப்போடு அது பிறக்கிறது. பிள்ளை தளர்நடை போடுவது மாதிரி நடந்து விழுகிறது. கேள்வியாகக் கேட்டுத் தொலைக்கிறது. பழைய வீட்டு வண்டி ஒன்றில் மேற்கே சான் பிரான்சிஸ்கோவை நோக்கிப் போகிறார்கள். வழியில் அதற்குப் பெயர் வைக்கிற காட்சி வருகிறது. ஷேக்ஸ்பியர், நெப்போலியன் என்று பெரிய பெரிய பெயராக ஆசைப்பட்டுவிட்டுக் கடைசியில் 'ஜெஃப்' என்று தானே ஒரு சாதாரணப் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. அந்த நிமிசத்திலிருந்து என் கை 'அவன்' என்று எழுதிவிட்டது. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டவனை எப்படி 'அது' என்பது? குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை என்று அடுத்தவன் வாய்க்கு வந்தபடி பெயர் வாங்கிக்கொண்டு வாழ்ந்த பாட்டன்களின் பேரன் நான். பெயரைத் தானே தேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' 1719ல் வந்தது. தீவில் தனியாகக் கிடந்த வெள்ளைக்காரன் ஒருவன், கொலைக்கு இழுத்து வரப்பட்ட ஒருவனைக் காப்பாற்றி, கிழமையைப் பார்த்து 'வெள்ளி' என்று பெயர் வைக்கிறான். தன்னை 'எசமான்' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்கிறான். வெள்ளிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்குமே என்று குரூசோ கேட்கவே இல்லை. கடைசி மனிதனும் அவனுடைய துணையும் என்று இன்றைக்கு எடுக்கிற படங்களுக்கெல்லாம் அந்த நாவல்தான் பாட்டன். அதோடு வைத்துப் பார்த்தால் ஃபின்ச் ஒரு படி ஏறித்தான் இருக்கிறான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

4

'ரோபோ' என்கிற சொல்லுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. எந்திரக் கதை பேசுகிறவர்கள் அதை ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்கு அது துணுக்கு இல்லை.

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்கிற நாடகம் 1921ல் மேடையேறியது. அதில் வரும் செயற்கை மனிதர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், ஓவியரான தன் அண்ணன் யோசெப்பிடம் கேட்டிருக்கிறார். அண்ணன் சொன்ன சொல்தான் 'ரோபோட்'. செக் மொழியில் 'ரோபோதா' என்றால், குடியானவன் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை. 1775ல் பொகீமியாவில் குடியானவர்கள் இதை எதிர்த்துக் கலகம் செய்திருக்கிறார்கள். 1848ல்தான் அது ஒழிந்தது. ஆக, ரோபோ என்பதைத் தமிழில் 'எந்திரன்' என்று பெயர்ப்பது பாதி உண்மை. சரியான தமிழ் வேறு. நம்மிடம் அதற்குக் கல்வெட்டுக் காலத்துச் சொல்லே இருக்கிறது: வெட்டி.

சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பு. ஊருக்கு அந்த வேலை செய்தவன் வெட்டியான். காலப்போக்கில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இன்றைக்கு 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறான் என்று பொருள். உடம்பு முறியச் செய்த வேலையின் பெயரே சும்மா இருப்பதற்குப் பெயராகிவிட்டது! கூலி கொடுக்காத வேலை வேலையாகவே கணக்கில் வரவில்லை. சாப்பெக்கின் ஊரிலிருந்து அந்தச் சொல் உலகம் முழுக்கப் போய் எந்திரத்தின் பெயரானது. நம் ஊரில் அது வசவாகச் சுருங்கிப்போனது.

சாப்பெக்கின் நாடகமும் உலகம் அழிகிற கதைதான். எந்திரங்கள் கலகம் செய்து மனித குலத்தையே ஒழித்துவிடுகின்றன. அல்குவிஸ்ட் என்கிற கட்டடக்காரன் ஒருவனை மட்டும் கொல்லாமல் விடுகின்றன. காரணம், அவனும் தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறவன். நூறு வருசத்துக்கு முன்னால் எழுதப்பட்ட இந்த ஒரு இடம், அதற்குப் பிறகு வந்த எத்தனையோ எந்திரப் படங்களைவிடக் கூர்மையானது. யார் நம்மவர் என்பதைச் சதையையும் உலோகத்தையும் வைத்து அந்த எந்திரங்கள் தீர்மானிக்கவில்லை. கையைப் பார்த்துத் தீர்மானித்தன.

நாடகத்தின் முடிவில் அல்குவிஸ்ட் இரண்டு எந்திரங்களைச் சோதிக்கிறான். ஆணும் பெண்ணுமாக இருக்கிற அவற்றில் ஒன்றை அறுத்துப் பார்க்கப் போகிறேன் என்கிறான். ஒன்று இன்னொன்றுக்காகத் தன்னைக் கொடுக்க முன்வருகிறது. ஒன்றை விட்டு ஒன்று நகர மறுக்கிறது. மறுப்பைப் பார்த்த பிறகுதான் அவன் அங்கே உயிர் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, போய் வாழுங்கள் என்று அனுப்பிவைக்கிறான். மாட்டேன் என்று சொல்ல முடிகிறவனிடமிருந்து வந்தால்தான் அன்பு அன்பாகிறது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனிடமிருந்து கிடைப்பதற்கு ஊழியம் என்று பெயர். அதை விசுவாசம் என்று புகழ்ந்துவிட்டால் கூலியில் மிச்சம் பிடிக்கலாம்.

5

ஜெஃப்பால் மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? ஃபின்ச் சுகமில்லாமல் கிடக்கும்போது, அவனைக் கேட்காமலே டூயியைக் கூட்டிக்கொண்டு சாப்பாடு தேடப் போகிறான். யாரோ வைத்த பொறியில் சிக்கி டூயி நசுங்கிப்போகிறது. ஃபின்ச் கத்துகிறான். ஜெஃப் தலை கவிழ்ந்து நிற்கிறான். கட்டளையை மீறினான் என்பதை விட, சொல்லாமலே அக்கறைப்பட்டான் என்றுதான் அதைப் பார்க்க வேண்டும். படமோ அதை ஒரு சின்னப் பையனின் துடுக்குத்தனமாக மாற்றி, அப்பா-பிள்ளைக் கதைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அப்புறம் வண்டி ஓட்டப் பழகுவதும் திட்டு வாங்குவதும் சமாதானமாவதும் எல்லாம் அப்பனும் மகனும்தான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் படத்தோடு சண்டை. ஒருவனை வேலைக்கென்றே செய்துவிட்டு, அப்புறம் 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி' என்பது ரொம்பப் பழைய தந்திரம். பிள்ளை என்றால் சம்பளம் கேட்க மாட்டான். பிள்ளை என்றால் லீவு கேட்க மாட்டான். ஆனால் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. சீக்கு வந்தால் ஆஸ்பத்திரி உண்டு. 'மாதிரி' பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. அந்த 'மாதிரி' என்கிற மூன்றெழுத்துக்குள்தான் அம்மாவின் பதினேழு வருசம் போனது.

நம் சினிமாவும் இதைத் தொட்டிருக்கிறது. 2010ல் வந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் விஞ்ஞானி வசீகரன் சிட்டியைச் செய்கிறார். சொன்னதைச் செய்தவரை அது அவருக்குச் செல்லப்பிள்ளை. அவர் காதலிக்கிற பெண்ணையே அதுவும் ஆசைப்பட்டு, சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும், வெட்டிக் குப்பையில் போடுகிறார். கடைசியில் தன்னைத் தானே கழற்றிப்போடும்படி அதற்கு ஆணை வருகிறது. அதையும் அது செய்துவிட்டுப் பொருட்காட்சி சாலையில் போய் நிற்கிறது. படம் பார்த்த சனம் அந்தக் கட்டத்தில் கண்கலங்கியதைத் தியேட்டரில் பார்த்தேன். ஆசைப்பட்டதற்கு வெட்டினார்கள் என்பது எங்கோ கேட்ட கதையாக அவர்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

6

அப்படியானால் 'ஃபின்ச்' வெறும் எசமான் கதையா? இல்லை. இரண்டு இடங்களில் படம் தன்னையே மீறிப் போகிறது.

ஒன்று, ஃபின்ச் ஜெஃப்பிடம் தன் கோழைத்தனத்தைச் சொல்கிற இடம். எல்லாம் அழிந்த சமயத்தில் சாப்பாடு தேடிப்போன இடத்தில் ஒரு தாயையும் சிறுமியையும் கண்டதையும், ஆபத்து வந்தபோது தான் ஒளிந்துகொண்டதையும், அவர்களுக்கு நேர்ந்ததைத் தடுக்காமல் கிடந்ததையும் சொல்கிறான். அந்தச் சிறுமியின் பையில் இருந்த குட்டிதான் குட்இயர். நாய் மேல் அவன் வைத்திருந்த பாசத்துக்கு அடியில் ஒரு கடன் கிடக்கிறது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

கட்டளைகளை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தீங்கு நேரும்போது சும்மா இருக்காதே. அதை எந்திரத்துக்குள் எழுதியவன், மனிதனாக இருந்து அதைச் செய்ய முடியாதவன். தன்னால் முடியாத அறத்தை, முடியாது என்று சொல்ல வாயில்லாதவன் தலையில் ஏற்றிவைக்கிறான். அறநூல்கள் பலவற்றின் பிறப்பே இப்படித்தானோ என்று எனக்குச் சந்தேகம். பொய் சொல்லாதே, திருடாதே, உழைத்துச் சாப்பிடு என்று கீழே இருக்கிறவனுக்கு உபதேசம் செய்தவர்களில் எத்தனை பேர் அதன்படி இருந்தார்கள்?

ஆனால் ஃபின்ச் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். எசமான் தன் ஊழியனிடம் பெருமை பேசுவது உண்டு, அழுவதுகூட உண்டு, தன் குற்றத்தைச் சொல்வது கிடையாது. சொன்னால் ஊழியன் தன்னை நிறுத்து எடைபோட்டுவிடுவான் என்கிற பயம். ஃபின்ச் அந்த எடைக்கு உட்படுகிறான். செய்தவனைச் செய்யப்பட்டவன் நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேட்கிறான். படத்தில் தோழமை என்று ஒன்று தொடங்குகிறதென்றால் அது இந்த இடத்தில்தான். ஊழியன் அன்பாக இருப்பதால் தோழமை வந்துவிடாது. மேலே நிற்கிறவன் கணக்கு ஒப்பித்தால்தான் வரும்.

இரண்டாவது இடம் நாய். ஃபின்ச் எந்திரத்துக்குக் கட்டளை போட முடிந்தது. நாய்க்குப் போட முடியவில்லை. ஜெஃப் கிட்டே வந்தால் குட்இயர் விலகி ஓடுகிறது. நம்ப மாட்டேன் என்கிறது. அந்த வண்டிக்குள் மாட்டேன் என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஜீவன் நாய்தான். ஃபின்ச் என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. கடைசியில், வெயில் சுடாத ஒரு இடத்தைக் கண்டு, ஃபின்ச் பாதுகாப்பு உடுப்பைக் கழற்றிவிட்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு வெளியே நிற்கிற பகலில், பந்து எறிந்து விளையாடக் கற்றுக்கொடுக்கிறான். நாய் மெல்ல மெல்ல ஜெஃப்பை ஏற்றுக்கொள்கிறது. யாரும் சொல்லி வந்ததில்லை அது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

7

டூயி என்கிற பெயர் ஒரு பழைய படத்தை நினைவூட்டுகிறது. டக்ளஸ் டிரம்புல் 1972ல் எடுத்த 'சைலண்ட் ரன்னிங்'. பூமியில் காடே இல்லாமல் போன பிறகு, மிச்சக் காடுகளை விண்கலத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவற்றையும் அழித்துவிடச் சொல்லி உத்தரவு வருகிறது. காட்டைக் காப்பாற்ற லோவெல் என்பவன் கூட வேலை பார்த்தவர்களையே கொல்கிறான். பிறகு குட்டி எந்திரங்களுக்கு மரம் நடவும் சீட்டாடவும் கற்றுக்கொடுத்து அவற்றோடு வாழ்கிறான். முடிவில் அவனும் செத்துப்போகிறான். டூயி என்கிற எந்திரம் மட்டும் பூவாளியோடு தனியாகக் காட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விண்வெளியில் மிதந்து போகிறது. அழகான காட்சி என்று எல்லாரும் எழுதினார்கள். இப்போது அம்மாவின் கேள்வியோடு பார்த்தால் அது பயங்கரமான காட்சி. முடிவே இல்லாத வேலை. பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அந்தக் குட்டி எந்திரங்களுக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். இரண்டு கால்களும் இல்லாத நான்கு பேர் தகர உறைக்குள் புகுந்து, கைகளால் நடந்து நடித்தார்கள். ஜெஃப்பும் அப்படித்தான், கேலெப் லாண்ட்ரி ஜோன்ஸ் என்கிற நடிகரின் அசைவும் குரலும்தான் ஜெஃப். எந்திரத்துக்கு உயிர் வந்துவிட்டதே என்று நாம் வியக்கும்போது உள்ளே ஒரு மனிதன் வேர்த்துக்கொண்டிருக்கிறான்.

இது சினிமாவுக்கு வெளியிலும் உண்மை. எந்திரம் மனிதனாகுமா என்று உலகம் விவாதிக்கிறது. மனிதனை எந்திரமாக ஆக்கியது விவாதமே இல்லாமல் நடந்துவிட்டது. கையால் மலம் அள்ளுவதை இந்தியாவில் 1993லேயே ஒரு சட்டம் தடை செய்தது. 2013ல் வந்த சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆள் இறக்குவதையும் குற்றமாக்கியது. சாவு நிற்கவில்லை. அப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2018ல் கேரளத்தில், ஆள்துளைக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்கிச் சுத்தம் செய்யும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'பேண்டிகூட்' என்று பெயர் வைத்தார்கள், அதாவது பெருச்சாளி. அந்த எந்திரம் ஊர் ஊருக்கு வரட்டும், இன்னும் ஆயிரம் வரட்டும். தகரம் இறங்க வேண்டிய குழியில் மனிதனை இறக்கிவைத்திருந்தவர்கள், எந்திரம் வந்த பிறகு அந்த மனிதனுக்கு என்ன பட்டிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் என் பேச்சு. குழியிலிருந்து ஏறியவனை அடுத்து யார் பார்த்துக்கொள்வது? ஐந்தாவது கட்டளை அங்கேயும் எழுதப்படவில்லை.

அந்தக் கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். யாருடைய உழைப்பால் ஒருவன் காக்கப்பட்டானோ, அந்த உழைத்தவனைக் காப்பது அவன் மேல் கடன். அன்பு இருந்தாலும் கடன், இல்லாவிட்டாலும் கடன். இது எந்திரத்துக்குள் எழுத வேண்டிய கட்டளை இல்லை. மனிதருக்குள் எழுத வேண்டியது. நாளைக்கு உண்மையிலேயே உணர்கிற எந்திரம் ஒன்று வந்துவிட்டால் அதற்கு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களிடம் எனக்குப் பகை இல்லை. உணர்கிறது என்று சந்தேகமே இல்லாதவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். அந்தப் பாடம் தேறாதவர்கள் தகரத்துக்கு நியாயம் செய்யப்போவதில்லை.

படம் முடிகிறபோது ஃபின்ச் இல்லை. ஜெஃப்பும் குட்இயரும் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வந்து சேர்கிறார்கள். பிழைத்திருக்கிறவர்கள் விட்டுப்போன சீட்டுகளும் படங்களும் அங்கே தொங்குகின்றன. எங்கோ ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஜெஃப்பைப் பார்த்ததும் 'அவன்' என்பார்களா 'அது' என்பார்களா என்று படம் சொல்லவில்லை.

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. திரையில் எந்திரமும் நாயும் சேர்ந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, "நாயாச்சும் கூடப் போவுதே" என்றாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.